450 பேர் கப்பலா, 750 பேர் கப்பலா? இரண்டிலும் போய் வந்த பிறகும் முடிவெடுக்க முடியவில்லை

நெய்தல்:

வணக்கம். நானும் என் கணவரும் இதுவரை மூன்று முறை சொகுசுக் கப்பலில் போய் வந்திருக்கிறோம். முதல் இரண்டு முறையும் ஒரே கப்பல், 450 பேர் ஏறுவது. மூன்றாவது முறை அதே தரத்தில் பெரியது, 750 பேர். இரண்டிலும் எல்லா அறையும் சூட்தான், அதாவது உட்காரும் இடமும் சேர்ந்த பெரிய அறை. சாப்பாடு, பானம், டிப்ஸ் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். இப்போது நான்காவது பயணத்துக்கு முன்பதிவு செய்ய வேண்டும். இத்தாலிக்குக் கிழக்கே உள்ள அட்ரியாட்டிக் கடலின் கரையோரமாக 12 நாள். இரண்டு அளவிலும் கப்பல் இருக்கிறது, புறப்படும் தேதிகூட ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வாரமாக யோசித்துக்கொண்டே இருக்கிறோம்.

பெரிய கப்பலில் பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அறை தாராளம். பால்கனியில் இரண்டு சாய்வு நாற்காலியும் ஒரு மேசையும் போட்ட பிறகும் நடக்க இடம் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு ஐந்தாறு உணவகங்கள். எதிலும் இடமில்லை என்ற பேச்சே எழவில்லை. அரங்கம், மேடை, இசைக்குழு எல்லாம் முழு அளவில். மதிய நேரத்தில் நூலகத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான். 750 பேரும் எங்கே போனார்கள் என்று கேட்கும்படி இருந்தது.

அதுவே பிறகு எனக்கு உறுத்த ஆரம்பித்தது. இரண்டாம் நாள் மாலை மேல் டெக்கில் ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியை ஒருவரைச் சந்தித்தோம். எரிமலைத் தீவுகள் எப்படி உருவாகின்றன என்று ஒரு மணி நேரம் பேசினார். அவ்வளவு அழகாக விளக்குவார். நாளை பார்ப்போம் என்று சொல்லிப் பிரிந்தோம். அடுத்து அவரைப் பார்த்தது கடைசி நாள் காலை, பெட்டிகளோடு இறங்கும் வரிசையில். நடுவில் பத்து நாள் ஒரே கப்பலில்தான் இருந்திருக்கிறோம்.

சிறிய கப்பலில் இப்படி ஆகாது. காலையில் காப்பி குடிக்கும்போது பார்த்தவரை, கப்பலிலிருந்து கரைக்கு ஏற்றிப்போகும் டெண்டர் படகில் பார்ப்போம், சாயங்காலம் பாரில் பார்ப்போம். நான்காம் நாளுக்குள் மேசைகள் தாமாகச் சேர்ந்துவிடும். இரண்டாவது பயணத்தில் அறிமுகமான ஒரு தம்பதியோடு இன்றைக்கும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் சிறிய கப்பலின் குறைகளும் மறக்கவில்லை. காற்று பலமாக அடித்த நாளில் நீச்சல்குளத்தை மூடினார்கள். அப்புறம் உட்கார வேறு இடமே இல்லாததுபோல் ஆகிவிட்டது. சின்ன உணவகம் இரண்டு முறை நிரம்பிவிட்டது. ஒரு இரவு கப்பல் ஆடியதில் என் கணவர் தூங்கவே இல்லை.

இரண்டு அளவிலும் போனவர்கள் சொல்லுங்கள். மறுபடி போகும்போது எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

கலங்கரை:

நெய்தல் அக்கா, பயணிகள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். கப்பலின் மொத்த டன்னேஜைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு எவ்வளவு இடம் என்பது ஓரளவு பிடிபடும். டன்னேஜ் என்றாலும் அது எடை இல்லை. கப்பலுக்குள் மூடிய இடத்தின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடும் எண்.

ஸீபோர்ன் ஒடிஸி 2009-ல் வந்தபோது 32,000 டன், 450 பேர்: ஒருவருக்கு 71. செவன் ஸீஸ் எக்ஸ்ப்ளோரர், 2016, ஏறக்குறைய 55,000 டன், 750 பேர்: 73 அல்லது 74. சில்வர் நோவா, 2023, 54,700 டன், 728 பேர்: 75. அதாவது உங்கள் இரண்டு அளவுக்கும் இந்தக் கணக்கில் பெரிய வித்தியாசமே கிடையாது. உண்மையிலேயே சிறியவற்றில்தான் எண் இறங்குகிறது. ஸீட்ரீம் கப்பல்கள் 4,300 டன், 112 பேர்: 38. பழைய சில்வர் கிளவுட் 1994-ல் வந்தபோது 17,000 டன், 296 பேர்: 57.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. ரிட்ஸ் கார்ல்டனின் எவ்ரிமா 298 பேர்தான் ஏறுவது, ஆனால் 26,500 டன். கிட்டத்தட்ட 89 வருகிறது. கிரிஸ்டல் செரினிட்டி 2023-ல் புதுப்பித்து மறுபடி ஓடத் தொடங்கியபோது அறைகளை இணைத்துப் பெரிதாக்கினார்கள். முன்பு ஆயிரத்துக்கு மேல் ஏற்றிய கப்பலில் இப்போது சுமார் 740 பேர்தான். 68,870 டன்னுக்கு 93 வரும்.

பணியாளர் விகிதத்திலும் இந்த வகுப்பில் பெரிய மாற்றம் இல்லை. ஏறக்குறைய எல்லாக் கப்பலிலும் ஒரு பணியாளருக்கு ஒன்றரைப் பயணிக்கும் குறைவு. பெரியதில் கவனிப்பு குறையும் என்பது சரியில்லை. உங்கள் முகம் பழக அவர்களுக்கு இரண்டு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மேல்தளம்:

நான் நேர்மாறாகப் போனவன். முதலில் 112 பேர் கப்பல், அப்புறம் 300, இப்போது 700-க்குக் கீழே ஏறுவதில்லை. காரணம் நீங்கள் சொன்னதேதான், மறுபக்கத்திலிருந்து. நூறு பேர் கப்பலில் ஒரு சிடுசிடுப்பான தம்பதி இருந்தால் அவர்களிடமிருந்து தப்பிக்க இடம் இல்லை. எங்கள் பயணத்தில் ஒருவர் ஒவ்வொரு மாலையும் பாரின் நடுவில் உட்கார்ந்து எல்லாரிடமும் அரசியல் பேசுவார். இருந்தது ஒரே பார். ஐந்தாம் நாளிலிருந்து நாங்கள் இரவுச் சாப்பாட்டை அறைக்கே வரவழைத்தோம். பெரிய கப்பலில் எனக்கு வேண்டியவர்களோடு பேசுகிறேன், வேண்டாதபோது மறைந்துவிடுகிறேன். அந்தச் சுதந்திரத்துக்கு என்னைப் பொறுத்தவரை மதிப்பு அதிகம்.

நெய்தல்:

மேல்தளம் ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. 450 பேரில் அந்தச் சிக்கல் எங்களுக்கு வரவில்லை. ஒருவேளை எனக்குச் சரியான அளவு அதுதானோ என்னவோ. ஆனால் கலங்கரை தம்பி சொன்ன கணக்கைப் பார்த்த பிறகு "பெரியதில் தாராளம்" என்று நான் எழுதியதையே யோசிக்கிறேன். ஒருவருக்கு 71-ம் 74-ம் என்றால், அந்தத் தாராளம் எங்கிருந்து வந்தது?

கலங்கரை:

பொது இடங்களை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதிலிருந்து. 450 பேருக்கு ஒரு பெரிய லவுஞ்ச் இருந்தால் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். 750 பேருக்கு நான்கு லவுஞ்ச் கட்டினால் நான்காகப் பிரிவார்கள். இடம் கிட்டத்தட்ட அதேதான், கூட்டம் கண்ணில் படாது. உங்கள் நிலவியல் ஆசிரியை காணாமல் போனதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அவர் உட்காரும் லவுஞ்ச் வேறு, நீங்கள் உட்காரும் லவுஞ்ச் வேறு.

திமில்:

முப்பது வருடம் கப்பல் இயந்திர அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், ஆட்டம் பற்றி மட்டும் சொல்கிறேன். பலர் "பெரிய கப்பல் ஆடாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை.

ஆட்டத்தில் இரண்டு வகை முக்கியம். பக்கவாட்டில் உருள்வது ஒன்று. அதற்கு ஸ்டெபிலைசர் துடுப்புகள் இருக்கின்றன. 450 பேர் கப்பலிலும் இருக்கும், 750 பேர் கப்பலிலும் இருக்கும். ஆனால் கப்பல் வேகமாக ஓடும்போதுதான் அவை நன்றாக வேலை செய்யும். நங்கூரம் போட்டு நிற்கும்போதோ மெதுவாக ஊரும்போதோ பெரிதாக உதவாது.

இன்னொன்று முன்னும் பின்னும் எழுந்து விழுவது. இதை ஸ்டெபிலைசர் தடுக்காது. இதைத் தீர்மானிப்பது கப்பலின் நீளமும் அலையின் நீளமும். ஆழ்கடலில் அலை வரும் இடைவெளியை வினாடியில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, மறுபடி 1.56-ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 8 வினாடி அலை 100 மீட்டர். 10 வினாடி அலை 156. 12 வினாடி அலை 225. அலையின் நீளம் கப்பலின் நீளத்துக்குப் பக்கத்தில் வரும்போதுதான் கப்பல் அதிகம் எழுந்து விழும்.

இப்போது உங்கள் கப்பல்களைப் பாருங்கள். 450 பேர் வகை 198 மீட்டர், 750 பேர் வகை 224 மீட்டர். இரண்டுக்கும் 26 மீட்டர்தான் வித்தியாசம். மத்தியதரைக் கடலில் காற்று கிளப்பும் அலை பெரும்பாலும் குட்டையானது, 6 முதல் 8 வினாடி. அதில் இரண்டு கப்பலுமே பல அலைகளின் மேல் ஒரே நேரத்தில் படுத்திருக்கும். பிஸ்கே வளைகுடாவிலோ வட அட்லாண்டிக்கிலோ 12 வினாடி, அதற்கும் மேல் என்று நீண்ட அலை வரும்போது இரண்டுமே எழுந்து விழும். 26 மீட்டரால் யாருக்கும் தூக்கம் வந்துவிடாது. 105 மீட்டர் ஸீட்ரீமுக்கும் 345 மீட்டர் குவீன் மேரி 2-க்கும் ஒப்பிட்டால் அது வேறு கதை.

நெய்தல் அம்மா, ஒன்று கேட்கிறேன். அன்று உங்கள் கணவர் தூங்காத அறை எந்த டெக்கில், முன்பக்கமா நடுவிலா?

நெய்தல்:

திமில் ஐயா, மேலே இருந்து இரண்டாவது டெக், முன்பக்கம். காட்சி நன்றாக இருக்கும் என்று கூடுதல் பணம் கொடுத்து எடுத்தோம்.

திமில்:

அதுதான் விஷயம். கப்பலில் அதிகம் ஆடும் மூலை அது. ஏறி இறங்கும் சீசாப் பலகையின் நுனியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அதேதான். பல கப்பல்களில் விலை கூடிய சூட்களில் சில முன்பக்க மேல் டெக்கில் இருக்கும், ஏனென்றால் அங்கே காட்சி நன்றாக இருக்கும். ஆட்டம் தாங்காதவர்கள் நடுப்பகுதியில், கீழ் டெக்கில் எடுக்க வேண்டும். உங்கள் சிறிய கப்பலில் நடுவில் ஒரு அறை, பெரிய கப்பலில் முன்னால் ஒரு அறை என்றால் சிறியதில்தான் நன்றாகத் தூங்குவார்.

உப்புக்காற்று:

எல்லாரும் கப்பலுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 12 நாள் கரையோரப் பயணம். கப்பல் எங்கே நிற்கப் போகிறது?

சிறிய கப்பலின் அருமையே துறைமுகத்தில்தான். மாண்டினீக்ரோவின் கோட்டோர் விரிகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறியது பழைய நகரத்தின் மதிலுக்கு எதிரேயே கட்டும், இறங்கினால் வாசல். பெரியவை பெரும்பாலும் விரிகுடாவில் நங்கூரம் போட்டு டெண்டரில் அனுப்பும். குரோஷியாவின் ஹ்வார், கோர்ச்சுலா மாதிரித் தீவுகளுக்குப் பெரியவை அதிகம் போவதில்லை. கிரீஸின் கொரிந்து கால்வாய் 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம், அடியில் 21 மீட்டர் அகலம். 2019-ல் பிரேமார் என்ற 22.5 மீட்டர் அகலக் கப்பல் அதில் போனதே பெரிய செய்தியாயிற்று. சுவர்கள் செங்குத்தாகச் சரிவதால் மேலே அகலம் கொஞ்சம் கூடும். அந்த இடைவெளியில் போனது. 450 பேர் கப்பல் 25 மீட்டருக்கு மேல் அகலம். அதற்கே அந்தக் கால்வாய் கிடையாது.

வெனிஸும் அப்படித்தான். 2021 ஆகஸ்ட் 1 முதல் ஊர் நடுவே உள்ள ஜுடெக்கா கால்வாயிலும் சான் மார்க்கோ முன்னாலும் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலோ 180 மீட்டரைத் தாண்டிய கப்பலோ போகக் கூடாது. 32,000 டன், 198 மீட்டர் என்றால் "சிறியது" என்று நாம் சொல்லும் கப்பலும் அந்தத் தடையில் விழுகிறது. வெனிஸ் என்று அட்டவணையில் போட்டிருந்தாலும் எந்தத் துறையில் கட்டும் என்று கேளுங்கள். ஃபுசினாவா, கியோஜாவா, ட்ரியெஸ்தேவா என்பதைப் பொறுத்து உங்கள் முதல் நாள் முழுக்க மாறிவிடும்.

இன்னொரு விஷயம். சிறிய கப்பலில் போனாலும் அதே துறையில் அன்று நான்காயிரம் பேர் கப்பல் நின்றால் ஒரு பயனும் இல்லை. கிரேக்கத் தீவான சாண்டோரினியில் இதை அனுபவித்தேன். எங்கள் கப்பலில் முந்நூறு பேர். டெண்டரில் பத்து நிமிடத்தில் கரைக்கு வந்துவிட்டோம். அப்புறம் கேபிள் கார் வரிசையில் ஒன்றரை மணி நேரம், ஏனென்றால் இரண்டு பெரிய கப்பல்கள் எங்களுக்கு முன்னால் வந்துவிட்டன. வேறு வழி கிட்டத்தட்ட 600 படிகள். துறைமுகங்கள் பலவும் எந்த நாளில் எந்தக் கப்பல் என்று முன்கூட்டியே பட்டியல் போடுகின்றன. இரண்டு பயணத்தின் ஒவ்வொரு நாளையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மழைநிலா:

ஒரு குறுக்குக் கேள்வி. முட்டி தேய்ந்த அம்மாவோடு போகிறவர்களுக்கு எது நல்லது? சின்னக் கப்பல் என்றால் நடை குறைவு என்று நினைத்து அழைத்துப் போனேன். கப்பலுக்குள் நடை குறைவுதான். ஆனால் 10 துறைமுகத்தில் 6 இடங்களில் டெண்டர். அலையில் தளும்பும் படகுக்குள் கால் வைக்க அம்மா பயந்துவிட்டார். மூன்று ஊர்களைப் பால்கனியில் இருந்தே பார்த்தார். நான் மட்டும் இறங்க மனம் வரவில்லை.

உப்புக்காற்று:

அம்மாவோடு என்றால் கப்பல் அளவைப் பார்க்காதீர்கள், டெண்டர் நாட்களை எண்ணுங்கள். பயண அட்டவணையில் நங்கூரம் என்றோ டெண்டர் என்றோ குறித்திருப்பார்கள். இல்லையென்றால் முன்பதிவின்போதே கேட்டு வாங்குங்கள். கோட்டோர் மாதிரி இடங்களை விட்டால், பெரிய கப்பல் பெரும்பாலும் ஆழமான துறைக்குப் போகும், நேராகத் தளத்தில் கட்டும், சரிவுப் பாலத்தில் இறங்கலாம். அந்த வகையில் 750 பேர் கப்பல் உங்களுக்கு ஏற்றதாக இருக்கலாம்.

தனிச்சிறகு:

நான் தனியாகப் போகிறவள். 64 வயது. நெய்தல் சொன்னது தனியாகப் போகிறவர்களுக்கு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

பெரிய கப்பலில் முதல் மூன்று இரவு தனி மேசையில் சாப்பிட்டேன். யாரும் அலட்சியமாக நடத்தவில்லை. ஆனால் சுற்றி எல்லாரும் ஜோடிகள், யாரையும் முன்பே தெரியாது. நாலாம் நாள் வரவேற்பு மேசையில் போய், அதிகாரிகள் விருந்து கொடுக்கும் மேசை இருந்தால் என்னையும் சேருங்கள் என்று கேட்டேன். அன்றிலிருந்து நன்றாகப் போனது. சிறிய கப்பலில் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் இரவே பக்கத்து மேசைக்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆனால் அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணம் ஒன்றில், தொடர்ந்து ஏழு கடல்நாள் (எந்தத் துறையிலும் நிற்காத நாள்), சிறிய கப்பல் எனக்குச் சலித்துப்போனது. நடக்கும் பாதை குட்டை, சுற்றிச் சுற்றி அதே இடம், மழை வந்தால் ஒரே லவுஞ்ச். பெரியதில் அதே ஏழு நாள் எனக்கு வரமாக இருந்தது. சொற்பொழிவு, பியானோ, ஓவிய வகுப்பு, படிக்க மூலை. இப்போது என் வழக்கம் இதுதான்: கடல்நாள் அதிகம் என்றால் பெரியது, துறைமுகம் அதிகம் என்றால் சிறியது.

மேல்தளம்:

தனிச்சிறகு அக்கா சொன்ன அந்தப் பிரிவு எனக்கும் சரியாகப் படுகிறது. நான் பெரும்பாலும் நீண்ட கடல்நாள் உள்ள பயணங்களையே தேர்ந்தெடுப்பவன். என் கருத்து அதனால்தான் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

இன்னொரு வழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. மிகப் பெரிய கப்பலுக்குள் தனிப் பகுதி. எம்எஸ்சி நிறுவனம் 2008-ல் ஃபண்டாசியா கப்பலில் யாட் கிளப் என்று தொடங்கியது, மற்றவர்களும் செய்கிறார்கள். தனி உணவகம், தனி நீச்சல்குளம், சுற்றிலும் ஆயிரக்கணக்கானோருக்கான வசதிகள். யோசித்தீர்களா?

நெய்தல்:

யோசித்தோம் ஐயா. ஆனால் துறைமுகத்தில் இறங்கும்போது அந்த ஆயிரக்கணக்கானோரோடுதான் இறங்க வேண்டும். உப்புக்காற்று சொன்ன கேபிள் கார் வரிசை நமக்கு நாமே கொண்டுபோகிற மாதிரி ஆகிவிடும். எங்களுக்கு அது வேண்டாம்.

கலங்கரை:

இந்த இழையைப் படிப்பவர்களுக்கு இன்னொன்று. சிறிய கப்பல் என்ற வகையே மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டு வருகிறது. ஸீபோர்னின் முதல் மூன்று கப்பல்கள் 10,000 டன், 208 பேர். அவை விண்ட்ஸ்டார் நிறுவனத்துக்குப் போன பிறகு அந்தக் கப்பல்களை நடுவில் வெட்டி 25.6 மீட்டர் துண்டு சேர்த்தார்கள். விண்ட்ஸ்டாரில் 212 பேர் என்று இருந்தது 312 ஆனது. சில்வர் ஸ்பிரிட்டையும் 2018-ல் அதேபோல் வெட்டி 15 மீட்டர் நீட்டினார்கள். ஸீபோர்ன் ஒடிஸி 2024-ல் ஜப்பானின் மிட்சுயிக்குப் போய் மிட்சுயி ஓஷன் ஃபுஜி ஆகிவிட்டது. 2023-ல் வந்த எக்ஸ்ப்ளோரா 1 கப்பலில் 922 பேர். 200 பேர் அளவில் புதிதாக வருபவை பெரும்பாலும் துருவப் பயணத்துக்கான எக்ஸ்பெடிஷன் கப்பல்கள். அங்கே எண்ணிக்கைக்கு வேறு காரணம் உண்டு: அண்டார்டிகாவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது, 500-க்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் யாரையும் இறக்கவே கூடாது.

ஆகவே 450 பேர் அளவு பிடித்திருந்தால் அது இருக்கும்போதே போய் வாருங்கள். அடுத்த தலைமுறைக் கப்பல்களில் அந்த அளவு எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாது.

நெய்தல்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து உப்புக்காற்று சொன்னபடியே செய்தோம். இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு துறைமுகத்திலும் அன்று வேறு யார் நிற்கிறார்கள் என்று எழுதினோம்.

பெரிய கப்பல்: 12 நாளில் இரண்டு கடல்நாள், ஏழு துறைமுகம் நேராகத் தளத்தில் கட்டுவது, மூன்று டெண்டர். அதில் ஐந்து இடத்தில் அதைவிடப் பெரிய கப்பலும் அன்றே வருகிறது. சிறிய கப்பல்: ஒரே கடல்நாள், டெண்டர் ஐந்து, ஆனால் வேறு பெரிய கப்பல் வருவது இரண்டே இடம். கோட்டோரில் இரவு 10 மணி வரை நிற்கிறது. பெரியது மாலை 5 மணிக்கே கிளம்பிவிடுகிறது. பகல் கூட்டம் எல்லாம் போன பிறகு அந்த மதிலுக்குள் நடக்கலாம் என்பதை நினைத்தாலே எனக்கு ஆசையாக இருக்கிறது.

வெனிஸ் பற்றியும் கேட்டோம். இரண்டுமே ஊருக்குள் வரவில்லை. அதில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்ததும் நல்லதுதான்.

என் கணவர் முதலில் பெரிய கப்பலின் பக்கம் இருந்தார், அந்த ஒரு இரவு காரணமாக. திமில் ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தார். அப்புறம் கப்பலின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு அறையை அவரே தேடினார். சிறிய கப்பலில் 5-ஆம் டெக், சரியாக நடுவில். பால்கனி மேலே இருந்ததைவிடக் குறுகல். கட்டணமும் முன்பு கொடுத்ததைவிடக் குறைவு. நேற்று முன்பதிவு செய்துவிட்டோம்.

நிலவியல் ஆசிரியையின் முகவரியை இறங்கும் வரிசையில் வாங்கி வைத்திருந்தேன். அவருக்கும் இந்தப் பயணத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். வந்தால் நன்றாக இருக்கும்.

திமில்:

5-ஆம் டெக், நடு. நல்ல இடம், அம்மா. ஒரே ஒன்று: டெண்டர் படகை இறக்கும் பக்கமும் உயரமும் பார்த்தீர்களா? நங்கூரம் போடும் நாட்களில் காலை 7 மணிக்கே சங்கிலிச் சத்தமும் படகுச் சத்தமும் கேட்கும். சங்கிலி முன்பக்கம், அது உங்களுக்குத் தூரம். படகு மட்டும் எங்கே என்று வரைபடத்தில் பாருங்கள்.

நெய்தல்:

பார்த்தோம் ஐயா. ஒரு டெக் மேலே, நான்கு அறை தள்ளி. அவர் எப்படியும் 6 மணிக்கு எழுந்துவிடுவார்.